ஆளில்லாத மேசைகளில் அடித்த மணி

நான் வேலை பார்க்கும் அலுவலகம் நாகல் நகரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு வரும் புகார் அழைப்புகளை இங்கே எடுக்கிறோம். பதினெட்டு மேசைகள், பதினெட்டு தொலைபேசிகள், கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு சர்வர். தடுப்பின் சாவி என்னிடம். தொலைபேசி மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான் பதினோரு வருடமாக என் வேலை. எந்த மாற்றம் செய்தாலும் நேரம் போட்டு நோட்டில் எழுதிவைப்பேன். இப்போது ஓடுவது ஒன்பதாவது நோட்டு.

நான்காவது நோட்டில் ஒரு வரி இருக்கிறது. மென்பொருளின் கையேட்டில் படித்துவிட்டு எழுதியது: "ஏஜென்ட் லாகின் வசதி கைவிடப்பட்டது. இனி வரும் பதிப்புகளில் இருக்காது." அதன் பக்கத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்தப் 'பிறகு' சென்ற வருடம் வந்தது.

அந்த வசதி என்னவென்று சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு முதல் நாளே ஓர் எண் கொடுப்போம். அவர் ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்து, ரிசீவரை எடுத்து இருபத்தொன்றை அழுத்துவார். உங்கள் எண்ணை அழுத்துங்கள் என்று ஒரு குரல் சொல்லும். எண், பிறகு ரகசிய எண். அவ்வளவுதான், அந்த மேசைக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். எழுந்து போகும்போது இருபத்திரண்டு. அழைப்பு நின்றுவிடும். திரை வேண்டாம், மவுஸ் வேண்டாம். தொலைபேசியின் பொத்தான்களே போதும்.

இந்த எண் மெல்ல மெல்ல ஆளின் பெயராகவே ஆகிவிட்டது. "ஏ பன்னெண்டு, சாப்டியாடி?" என்பார்கள். "பதினாலு லீவு போட்டுருக்கு" என்பார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருத்தி, உறையின் மேல் பெயருக்குப் பதில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் இதில் அப்படியே எழுதுகிறேன்.

பதினேழுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். வயது முப்பது இருக்கும். ஜன்னலோரம் ஆறாவது மேசை. புகார்ப் படிவத்தை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை வைத்துத் தானே நிரப்புவாள். ஒரு காதில் விவசாயி, இன்னொரு காதில் கணினி. அந்தப் படிவம் பழையது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒழுங்காகப் பெயர் இருந்ததால் வாசிப்பதில் சிக்கலில்லை. மோட்டார் ஓடும் சத்தத்தை போன் வழியே கேட்டே பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். நாலு வருடத்தில் அவளுக்காக நான் எதையும் தனியாகச் செய்து கொடுத்ததில்லை. செய்ய அவசியம் வரவில்லை.

சென்ற வருடம் சர்வரின் டிஸ்க் இரண்டு முறை படுத்தது. பழைய பதிப்பில் பாதுகாப்பில்லை, மூன்று வாரத்துக்குள் புதியதற்கு மாறுங்கள் என்று மோட்டார் நிறுவனம் சொல்லிவிட்டது. புதிய பதிப்பில் ஏஜென்ட் லாகின் இல்லை. அதற்கு மாற்றாக ஒரு நிறுவனம் திரை லாகின் ஒன்றை விற்றது. வீடியோ அழைப்பில் அதைக் காட்டினார்கள். பளிச்சென்று இருந்தது. பச்சைப் பொத்தானைத் தட்டினால் உள்ளே, சிவப்பைத் தட்டினால் வெளியே, மஞ்சளைத் தட்டினால் இடைவேளை; இடைவேளைக்குக் காரணம் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல்.

பதினேழு தன் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். பொத்தான்கள் எதற்கும் உள்ளே பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது. வாசிக்கும் குரல், "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போனது.

"தையல்கடைக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்குக்கா" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள்.

விற்கிறவரிடம் கேட்டேன். சரிசெய்யலாம், எப்போது என்று சொல்ல முடியாது, அது தன் கையில் இல்லை என்றார்.

எங்கள் மேனேஜர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தாதவர். "அதுக்கென்னங்க மேடம், பன்னெண்டு பக்கத்துலதானே உக்காருது. அது தட்டி விட்டுருமுங்க" என்றார்.

பன்னிரண்டு அடுத்த தெருக்காரி, எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறவள், யாருக்கு உதவி என்றாலும் முதலில் எழுகிறவள். "நான் பாத்துக்கிறேன் சார்" என்றாள் உடனே.

பதினேழு சிரிக்கவில்லை. "ஒரு நாளைக்கு நான் எத்தன தடவ எந்திரிச்சுப் போறேன்னு தெரியுமா சார்?"

கேட்டுவிட்டு அவளே எண்ணிச் சொன்னாள்.

"டீ, சாப்பாடு, பாத்ரூம்னு எட்டு தடவ. எட்டு தடவயும், ஏ பன்னெண்டு நான் பாத்ரூம் போறேன் அமுக்கி விடு, வந்துட்டேன் அமுக்கி விடுன்னு கேக்கணும். மாசத்துல மூணு நாளு அம்புட்டு தடவயோட நிக்காது சார்."

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். பன்னிரண்டு, "அதுக்கென்னடி, நான் என்ன வெளியாளா?" என்று மெதுவாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் பதினேழு என்னிடம் சொன்னாள்: "அக்கா, அந்தப் பட்டன்தான்னு ஆச்சுன்னா நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன். கோவத்துல சொல்லல. உங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும்னு சொல்றேன்." மடக்கிய கோலை விரித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். எனக்கு அவளுடைய நிதானம்தான் கஷ்டமாக இருந்தது.

கையேட்டை மறுபடி படித்தேன். எடுத்துவிட்ட வசதிக்குப் பதிலாக, எந்தத் தொலைபேசியையும் அழைப்பு வரிசையில் சேர்க்கவும் விலக்கவும் புதிய பதிப்பில் வழி இருந்தது. எண்ணைக் கேட்பது, சரிபார்ப்பது, குரல் சொல்வது எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். முன்பு ஒரே சொல்லில் நடந்துவிட்டதை எழுபது வரிகளில் எழுதினேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் எழுத்துகள் இரட்டையாகத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பேன். ஒரு காற்புள்ளி தவறினால் பதினெட்டு தொலைபேசியும் ஊமையாகிவிடும். பழைய வசதி என்னவெல்லாம் செய்தது என்று ஒரு பட்டியல் போட்டேன். நாற்பத்தொரு அம்சங்கள் வந்தன. ஒவ்வொன்றாக முடித்து டிக் போட்டேன். ஒரு நாளில் மூன்று முடிந்தால் நல்ல நாள்.

புதிய பதிப்பில் குரல் ஆங்கிலத்தில்தான் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நானே தமிழில் பதிவு செய்தேன். அந்த வாரம் எனக்கு ஜலதோஷம். பதினேழை அழைத்துச் சோதிக்கச் சொன்னேன். காதில் வைத்துக் கேட்டாள்.

"அக்கா, கஷாயம் குடிச்சுட்டுப் பதிஞ்சிருக்கலாம்."

"புரியுதா இல்லையா?"

"புரியுது. ஆனா பேசி முடிக்கிற வரைக்கும் காத்துக் கெடக்கணுமா? பாதியிலயே அமுக்குனா எடுத்துக்கிற மாதிரி வைங்க. பழசுல அப்பிடித்தான இருந்துச்சு."

உண்மைதான். நான் கவனித்ததேயில்லை. நாற்பத்திரண்டாவது அம்சமாக அதையும் எழுதி, அன்றே முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புதிய சர்வருக்கு மாற்றினேன். பதினெட்டு மேசையிலும் நானே உட்கார்ந்து லாகின் செய்து, என் கைபேசியிலிருந்து அழைத்து, எடுத்துப் பேசி, லாகவுட் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நாற்பத்திரண்டு டிக். கழுத்து வலியோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் எட்டு மணிக்கே படுத்துவிட்டேன்.

இனிமேல் வருவது புரிய, எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து ஏழு பேர் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். எட்டு மணி ஷிப்ட். அந்த பஸ் எட்டுக்கு முன்னால் வரும் நாள் குறைவு. எட்டே கால், எட்டரை ஆகிவிடும். அதனால் முதலில் வரும் பன்னிரண்டு, எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏழு மேசைகளையும் சுற்றி வந்து ஏழு பேருக்கும் லாகின் போட்டுவிடுவாள். ரகசிய எண் என்று பெயர்தான். எல்லாருக்கும் அவரவர் எண்ணையே இரண்டு முறை அழுத்தினால் திறக்கும். வருகைப் பதிவு அன்றைய முதல் லாகின் நேரத்தை வைத்து என்பதால் யாருக்கும் தாமதம் விழாது. இது எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. யாருக்கும் இதனால் கெடுதல் வந்ததில்லை என்பதால் நானும் சொன்னதில்லை. ஏன் கெடுதல் வரவில்லை என்று மட்டும் நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை காலையில் பன்னிரண்டு வழக்கம்போல ஏழு மேசைகளையும் சுற்றினாள். புதிய லாகினும் கேட்டபடி திறந்ததில் அவளுக்குச் சந்தோஷம். "அக்கா, அப்பிடியே பழசு மாதிரியே இருக்கு!" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து கட்டைவிரலைக் காட்டினாள். நானும் உள்ளிருந்து காட்டினேன். அன்று பஸ் செம்பட்டிக்கு அருகில் பழுதாகி நின்றுவிட்டது.

எட்டு மணிக்குத்தான் அழைப்புகள் குவியும். தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம் அது. மோட்டாரைப் போட்டுப் பார்ப்பார்கள், ஓடாது, உடனே எங்களைக் கூப்பிடுவார்கள். என் திரையில் பதினாறு பேர் லாகினில் இருந்தார்கள். எல்லாம் பச்சை. நோட்டில் '8.04, இயங்குகிறது' என்று எழுதினேன்.

எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கண்ணாடியில் கோல் தட்டும் சத்தம். பதினேழு நின்றிருந்தாள்.

"அக்கா, ஆளே இல்லாத மேசைல மணி அடிக்குது. மூணாவது, நாலாவது, ஒம்பதாவது. சுத்திச் சுத்தி அங்கனயே அடிக்குது. எனக்கு ரொம்ப நேரமா ஒண்ணுகூட வரல."

வெளியே வந்த பிறகுதான் எனக்குக் கேட்டது. தடுப்புக்குள் சர்வர் விசிறியின் இரைச்சலில் அதுவரை கேட்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. கடைசியாக எடுத்துப் பேசி அதிக நேரம் ஆன மேசைக்கே அழைப்பு முதலில் போகும்; காலி மேசைகள் ஒன்றையும் எடுக்காததால் எல்லாம் அவற்றுக்கே போய்க்கொண்டிருந்தன. பதினேழு சத்தத்தை வைத்து நாலாவது மேசைக்குப் போய் ரிசீவரை எடுத்தாள். மறுமுனையின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"ஏனுங்க, காமணி நேரமா கூப்புட்டுட்டே இருக்கறனுங்க. ஒருத்தரும் எடுக்கலீங்களே? ஒம்பதரைக்குக் கரண்டு போயிருமுங்க. தக்காளி வாடிட்டுக் கெடக்குது."

"மன்னிச்சுக்கங்கய்யா, இப்ப எடுத்துட்டேன்ல. பேனல்ல செவப்பு லைட்டு எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று நின்றுகொண்டே பேசினாள் பதினேழு.

நான் உள்ளே ஓடி ஏழு பேரின் எண்களையும் அழைப்பு வரிசையிலிருந்து விலக்கினேன். ஆள் இருக்கிற மேசைகளுக்கு மணி திரும்பியது. எட்டு பதினாறு. பிறகு பழைய சர்வரின் அமைப்புக் கோப்பை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கீழே, யாரும் பார்க்காத இடத்தில், ஒரு வரி இருந்தது. பதினைந்து விநாடி மணியடித்தும் எடுக்காவிட்டால் அந்த ஆளை லாகவுட் செய்துவிடு, அழைப்பை அடுத்தவருக்கு அனுப்பு என்று அதற்கு அர்த்தம். எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ எழுதி வைத்தது. பன்னிரண்டின் வழக்கம் இத்தனை வருடம் யாரையும் பாதிக்காமல் இருந்தது அந்த ஒரு வரியால்தான். காலி மேசையில் ஒருமுறை அடிக்கும், நின்றுவிடும், பஸ்ஸில் வருகிறவள் வந்து மறுபடி போட்டுக்கொள்வாள். அந்த வரி என் பட்டியலில் இல்லை.

மேனேஜர் எட்டு நாற்பதுக்கு வந்தார். காத்திருந்த அழைப்புகளின் பட்டியலை அதற்குள் மோட்டார் நிறுவனம் அவருக்கு அனுப்பியிருந்தது. பஸ்காரர்களும் அப்போதுதான் வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்திருந்தார்கள். அவர் நடுவில் நின்று என்னிடம் கேட்டார்.

"மேடம், ஆளே வராம அது எப்படிங்க லாகின் ஆச்சு?"

அவரே தொடர்ந்தார்.

"எனக்கென்னமோ இந்த நம்பர் லாகின் சரிப்படாதுங்க. ஸ்கிரீன்லயே போட்டுக்கலாம். அதுல கேமரா மொகத்தப் பாத்துத்தான் உள்ள விடுதாம். இன்னைக்கே அவங்களக் கூப்பிட்டுச் சொல்லிடறனுங்க."

பதினேழு ஹெட்செட்டை மாட்டியபடி, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாற்காலியில் பன்னிரண்டு தலையைக் குனிந்திருந்தாள். ஏதோ கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்று நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். லாகின் தானாகப் போட்டுக்கொள்ளும் என்று ஆகிவிடும், அன்றைக்கே எண் லாகினை எடுத்துவிடுவார். பன்னிரண்டே சொல்லிவிடுவாள் என்று சில விநாடி காத்திருந்தேன். அவள் நிமிரவில்லை.

நான் சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன், பழைய வரியைச் சொன்னேன், அதை நான் விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். நோட்டை விரித்துப் பட்டியலைக் காட்டினேன்.

"எத்தன வருசமாங்க இது நடக்குது?"

"எனக்குத் தெரிஞ்சு ஆறு வருஷம்."

அவர் பன்னிரண்டைப் பார்த்தார், பிறகு பஸ்காரர்களைப் பார்த்தார். திட்டவில்லை. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த வரியைப் போட்டுக் காட்டுங்க. ஆளாளுக்கு வேற ரகசிய எண். இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா ஸ்கிரீன்தானுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

புதிய பதிப்பில் அது ஒரு வரியாக இல்லை. இன்னும் பன்னிரண்டு வரிகள் எழுத வேண்டியிருந்தது. மதியம் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு ஒன்பதாவது மேசையில் லாகின் போட்டுவிட்டு, யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லி, மேனேஜரின் கைபேசியிலிருந்து அழைத்தோம். மணி அடித்தது. பதினேழு தன் இடத்திலிருந்து சத்தமாக எண்ணினாள்.

"பன்னெண்டு, பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. நின்னுருச்சு. இந்தா, இப்ப எனக்கு வருது." எடுத்து, "வணக்கம் சார், உங்க மோட்டாருக்கு என்ன பிரச்சன?" என்றாள்.

மேனேஜர் சிரித்துவிட்டார். லாகின் தப்பியது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவரவரே ரகசிய எண்ணை மாற்றிக்கொள்ளச் செய்தேன். மறுநாளிலிருந்து வத்தலக்குண்டு பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தாமதம் விழத் தொடங்கியது. மூன்று பேர் ஆறே காலுக்குப் புறப்படும் பஸ்ஸுக்கு மாறினார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருத்தியால் மாற முடியவில்லை. பதினோரு மணி ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள், இப்போது இருட்டிய பிறகுதான் வீடு போய்ச் சேருகிறாள்.

யாரும் என்னிடம் சண்டை போடவில்லை. கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போகும்போது, "அக்கா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள், அது நின்றது. தினமும் பத்தரைக்குப் பன்னிரண்டு கீழே போய்ப் பிளாஸ்கில் டீ வாங்கி வந்து எனக்கும் ஒரு டம்ளர் வைப்பாள். அதுவும் நின்றது. நானே படியிறங்கிப் போய்க் குடித்துவிட்டு ஏறி வந்தேன். முப்பத்தாறு படிகள்.

பதினேழிடமும் பன்னிரண்டு பேச்சை நிறுத்திவிட்டாள். பஸ்காரர்களில் ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஒருத்தி நோகாம இருக்க நாங்க ஏழு பேரு கோழி கூப்பிடயில எந்திரிக்கணுமாம்ல."

பதினேழு ஹெட்செட்டைக் கழற்றினாள். "எந்திரிங்கடி. நான் நாலு வருசமா அஞ்சு மணிக்கு எந்திரிச்சுத்தான் வாரேன். என்னைய எவளும் கேக்கல."

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டும் அவளும் மூன்று வாரம் பேசாமலே உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாட்களில் என் நோட்டில் எண்கள்தான் இருக்கின்றன: எத்தனை மணிக்கு எந்தக் கோப்பு, எந்த வரி. செய்தது சரிதானா என்று ஒரு நாள் எழுத ஆரம்பித்து, பாதியில் அடித்துவிட்டேன். அது மாற்றங்களுக்கான நோட்டு.

நான்காவது வாரம், புதன்கிழமை, பதினொன்று ஆக இரண்டு நிமிடம். தடுப்பின் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அதை மூடுவதில்லை. பதினேழு இருபத்திரண்டை அழுத்திவிட்டு எழுந்து கோலை விரித்தாள்.

"ஏ பதினேழு" என்றாள் பன்னிரண்டு, திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். "அந்தப் பக்கந்தான போற. என் பாட்டில்லயும் தண்ணி புடிச்சுட்டு வா."

பதினேழு நின்றாள். "இன்னைக்குத்தான் வாய் தொறந்துச்சாக்கும்?"

"தாகமா இருக்குடி. புடிச்சுட்டு வாரியா, இல்ல நானே போகட்டா?"

"குடு. மூடிய நீயே வச்சுக்க. போன தடவ எங்கயோ உருண்டுருச்சுன்னு என்னையத்தான தேட விட்ட."

பாட்டிலின் கழுத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நடைபாதையில் போனாள். திரும்பி வரும்போது பாட்டில் நிறைந்திருந்தது. கோல் தரையைத் தட்டத் தட்டக் கொஞ்சம் சிந்தியது. பன்னிரண்டின் மேசை விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்து அதன்மேல் வைத்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். இருபத்தொன்று. ஜலதோஷம் பிடித்த என் குரல் 'உங்கள்' என்று தொடங்கியிருக்கும். அவள் அதற்குமேல் விடவில்லை, மளமளவென்று அழுத்தினாள். என் திரையில் ஆறாவது மேசை பச்சையானது. அடுத்த விநாடியே அழைப்பு.

"வணக்கம், சொல்லுங்கய்யா. மோட்டாரு ஓடுதா, ஓடலயா?"

நோட்டை எடுத்து '11.07, மேசை 6, லாகின்' என்று எழுதினேன். அதை எழுத வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பிறகு டீ குடிக்கப் படியிறங்கினேன். எனக்கு இன்னும் டம்ளர் வரவில்லை.